தள்ளாமையும் கட்டிலும்

நம் வீட்டுப் பெரியவர்களிடம் உடம்பைப் பற்றிக் கேட்டால் அவர்கள் பெரும்பாலும் எந்த நோயின் பெயரையும் சொல்வதில்லை. ‘முன்போலத் தள்ளவில்லை’ என்று சொல்லி முடித்துக்கொள்கிறார்கள். குடத்தைத் தூக்கத் தள்ளவில்லை, கோயில் படியேறத் தள்ளவில்லை, உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவும் தள்ளவில்லை. இந்த வினையிலிருந்து பிறந்ததே தள்ளாமை என்னும் பெயர். உடம்பின் ஒரு ஸ்திதியைக் குறித்து நின்ற அச்சொல்லை, நாளடைவில் ‘தள்ளாத வயது’ என்று வயதின்மேலேயே ஏற்றிவிட்டோம். எழுபதோ எண்பதோ ஆகிவிட்டால் தள்ளாமையும் கூடவே வந்து சேரும் என்றும், வந்து சேர்ந்தபின் பிள்ளைகள் போட்டுக்கொடுத்த கட்டிலில் அமைதியாகப் படுத்திருப்பதே விவேகம் என்றும் நமக்குள் ஒரு கொள்கையையும் வகுத்துக்கொண்டோம். அந்தக் கொள்கை பிழையானது என்பதும், அதைக் கைக்கொண்டு நடப்பதே பல வீடுகளில் தள்ளாமையை விளைவிக்கிறது என்பதும் சென்ற தொண்ணூறு ஆண்டுகளில் வைத்திய சாஸ்திரம் சிறுகச் சிறுகக் கண்டறிந்த உண்மை. வயோதிகர் தொகை பெருகிவரும் நாட்டில் இதைவிட அவசரமாகச் சிந்திக்கவேண்டிய விஷயம் அதிகம் இல்லையென்பது என் அபிப்பிராயம்.

ஜப்பானியருக்கும் இதே சொற்சிக்கல் நேர்ந்தது. அந்நாட்டு ஜனத்தொகையில் 65 வயதைக் கடந்தவர்கள் 1970-இல் நூற்றுக்கு ஏழு பேர். 1994-இல் பதினான்கு பேர். பிரான்சு தேசம் நூறாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டு கடந்த தூரத்தை ஜப்பான் இருபத்துநான்கே ஆண்டுகளில் கடந்துவிட்டது. இன்று அங்கே பத்துப் பேரில் ஏறத்தாழ மூவர் அவ்வயதினர். முதியோரின் பலவீனத்தைக் குறிக்க அவர்களிடம் ‘கியோஜாகு’ என்னும் பழஞ்சொல் ஒன்று உண்டு. ஆனால் அதைக் கேட்ட மாத்திரத்தில், இனி மீள வழியில்லை என்ற எண்ணமே கேட்பவர் மனத்தில் எழுந்தமையால், 2014-ஆம் ஆண்டில் ஜப்பானிய முதியோர் மருத்துவக் கழகத்தார் அதை விலக்கிவிட்டு, அதற்குரிய ஆங்கிலச் சொல்லைத் தம் நாவுக்கிசையத் திரித்து ‘ஃபுரெய்ரு’ என்று ஒரு புதுச் சொல்லை வழங்கலாயினர். சுக நிலைக்கும் பிறர் கையை எதிர்பார்த்திருக்கும் நிலைக்கும் நடுவே ஓர் இடைநிலை உண்டு. தக்க உபாயங்களைச் செய்தால் அதிலிருந்து திரும்பி வரலாம் என்ற கருத்தை ஜனங்களிடையே பரப்புவதே அவர்கள் நோக்கம். நமக்கு அப்படி இரவல் வாங்கவேண்டிய அவசியம் இல்லையென்று நினைக்கிறேன். தள்ளாமை என்ற சொல்லிலிருந்து வயதைக் கழற்றிவிட்டால் அதுவே போதுமானது.

இந்த விஷயத்தின் தொடக்கத்தைத் தேடிச் செல்பவன் லண்டன் மாநகரத்தின் மேற்குப் புறத்திலுள்ள ஓர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்கிறான். 1935-ஆம் ஆண்டில் வெஸ்ட் மிடில்செக்ஸ் ஆஸ்பத்திரியின் நிர்வாகத்தார், தம் மதிலை ஒட்டியிருந்த பழைய தரும விடுதியின் நோயாளர் பகுதியைத் தம்மோடு சேர்த்துக்கொண்டு, அதன் பொறுப்பை மார்ஜரி வாரன் என்ற பெண் வைத்தியரிடம் ஒப்படைத்தனர். அங்கே 714 படுக்கைகள் இருந்தன. அவற்றில் கிடந்தவர்களை எல்லாரும் ‘நாட்பட்ட நோயாளிகள்’ என்ற ஒரே பெயரால் அழைத்துவந்தனரே அன்றி, இன்னாருக்கு இன்ன நோய் என்று பகுத்துப் பார்த்தவர் எவருமில்லை. பக்கவாதம் வந்து தேறியவரும், புத்தி மயங்கியவரும், வெறுமனே முதுமையடைந்து ஆதரவற்றுப் போனவரும் வரிசையாகக் கிடத்தப்பட்டு, வேளைக்கு உணவளிக்கப்பெற்று, மரணத்தை எதிர்நோக்கியிருந்தனர். எவரும் அவர்களிடம் கொடுமை செய்ததாகச் சொல்லமுடியாது. அவர்கள் எழுந்து நிற்கக்கூடும் என்ற யோசனை எவருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

வாரன் அம்மையார் செய்த காரியம் இன்றைக்குக் கேட்டால் மிகச் சாமானியமாகத் தோன்றும். ஒவ்வொருவரையும் தனித்தனியே முழுமையாகப் பரிசோதித்தார், நோயைப் பொறுத்து வகைப்படுத்தினார், எழுப்பி உட்காரவைத்தார், உட்கார்ந்தவர்களை நிற்கவைத்தார், நின்றவர்களுக்கு நடை பயிற்றினார். இருண்டு கிடந்த கூடங்களின் சுவர்களுக்கு வெளிர்நிறம் பூசுவித்து, விளக்கொளியை மிகுவித்து, பற்றிக்கொண்டு நடப்பதற்குக் கைப்பிடிகளை அமைப்பித்தார். ஆண்டுக்கணக்கில் படுத்தே கிடந்தவர்களில் கணிசமானோர் நடந்து வெளியேறினர். 714 படுக்கைகள் தேவைப்பட்ட இடத்தில் ஏறத்தாழ 240 போதுமென்றாயிற்று. 1943-இலும் 1946-இலும் அவர் வெளியிட்ட கட்டுரைகள், முதியோர் மருத்துவம் என்பது தனியொரு துறையாக இங்கிலாந்தில் வேரூன்றக் காரணமாயின. அங்கே புதிய மருந்து ஒன்றும் புகுத்தப்படவில்லை என்பதை நாம் ஊன்றி நோக்கவேண்டும். முதுமையால் வந்தது என்று கருதப்பட்ட தள்ளாமையில் ஒரு பெரும் பகுதி படுக்கையால் வந்தது என்பதை அந்த அம்மையார் நேரிலே கண்டு உலகுக்கு நிரூபித்துக் காட்டினார்.

1947-இல் ரிச்சர்டு ஆஷர் என்ற மற்றொரு ஆங்கில வைத்தியர், படுக்கையில் கிடத்தலின் அபாயங்களை அங்கம் அங்கமாக எடுத்துக்கூறி ஒரு கட்டுரை எழுதினார். நுரையீரலில் சளி தேங்குதல், கால் நாளங்களில் இரத்தம் உறைதல், தோல் அழுகிப் புண்ணாதல், எலும்பிலிருந்து சுண்ணச்சத்து கரைதல், மூட்டுகள் இறுகுதல், மலச்சிக்கல், மனச்சோர்வு என்று அவர் அடுக்கிய வரிசையில் இன்றும் நீக்கத்தக்கது ஒன்றுமில்லை. தசையைப் பற்றி அறுபது ஆண்டுகள் கழித்து வேறோர் ஆராய்ச்சி கணக்கே எடுத்துக்காட்டியது. அமெரிக்காவில், நோயற்ற நல்ல உடம்போடிருந்த முதியோர் பன்னிருவரைப் பத்து நாட்கள் படுக்கையிலேயே இருக்கச்செய்து, அதன் முன்னும் பின்னும் அளந்து பார்த்தார்கள். அந்தப் பத்தே நாட்களில் கால்களிலிருந்து மட்டும் ஒருவருக்குச் சராசரி ஏறக்குறைய ஒரு கிலோ அளவு கொழுப்பு நீங்கிய சதை கரைந்திருந்தது. இளமையில் இவ்வாறு இழந்ததைச் சில வாரங்களில் மீட்டுக்கொள்கிறோம். எழுபதுக்கு மேல் அது தானாக மீள்வதில்லை, முயன்றே மீட்கவேண்டும், முயல்வதற்கு ஒருவர் தூண்டவும் வேண்டும்.

இதை எழுதும்போது என் அத்தையின் நினைவைத் தவிர்க்க முடியவில்லை. எழுபத்தெட்டாம் வயதிலும் விடியற்காலையில் கிணற்றடிக்குப் போய் நீரிறைத்துத் தாமே குளித்து, சமையற்கட்டில் கால்நீட்டி உட்கார்ந்து காய் நறுக்கி, மாலையில் தெருக்கோடிப் பிள்ளையாரைச் சுற்றிவந்தவர். ஒரு நாள் முற்றத்தில் வழுக்கி விழுந்தார். முறிந்தது மணிக்கட்டு மட்டுமே. அதுவும் ஆறு வாரத்தில் கூடிவிட்டது. ஆனால் நாங்கள் பயந்துபோனோம். கூடத்தில் கட்டில் போட்டோம், கிணற்றடிக்கதவைச் சாத்தினோம், ‘நீங்கள் எதற்குச் சிரமப்படவேண்டும், நாங்கள் இல்லையா?’ என்று சொல்லிக் காபியும் சாப்பாடும் கட்டிலுக்கே கொண்டுபோய்க் கொடுத்தோம். அரிவாள்மணையைக் கேட்டார், எடுத்து ஒளித்து வைத்தவன் நான். எட்டு மாதத்தில், இருவர் பிடித்தாலன்றி அவரால் எழுந்து நிற்க இயலவில்லை. வயதாகிவிட்டது என்று எல்லாரும் பேசிக்கொண்டோம். அந்த எட்டு மாதத்தில் அவருக்கு ஏறிய வயது எட்டு மாதந்தானே என்று கேட்கும் அறிவு அப்போது எனக்கு இல்லை.

சதை கரைவதற்கு ஒரு பெயர் கிடைத்ததே மிகச் சமீபத்தில்தான். 1980-களின் இறுதியில் இர்வின் ரோசன்பெர்க் என்ற ஆராய்ச்சியாளர், கிரேக்கச் சொற்கள் இரண்டைச் சேர்த்துச் ‘சார்கோபீனியா’ என்று பெயரிட்டார். சதைக்கு நேர்ந்த வறுமை என்று அதற்குப் பொருள் சொல்லலாம். வயது ஏற ஏறத் தசை குறைவது உண்மையே, முற்றிலும் தடுக்கக்கூடியதன்று. எனினும் எவ்வளவு குறைகிறது என்பதும், குறைந்தது எப்போது ஒருவரைக் கீழே தள்ளுகிறது என்பதும் ஆளுக்கு ஆள் மாறுபடுகின்றன. தேகத்தில் சேமிப்பு என்று ஒன்று உண்டு. சேமிப்பு மிகுந்திருப்பவர் நிமோனியா வந்தாலும், கணவனையோ மனைவியையோ இழந்தாலும், பத்து நாள் படுத்தாலும் தள்ளாடிப் பின் நிமிர்கிறார். சேமிப்பு வற்றிப்போனவருக்கோ சாதாரணச் சிறுநீர்த்தொற்று ஒன்றே போதும். புத்தி தடுமாறி, விழுந்து, எலும்பு முறிந்து, பின்னர் எழுவதே இல்லை. வெளிப்பார்வைக்கு இருவரும் ஒரே மாதிரி இருக்கக்கூடும். அந்தச் சேமிப்பின் வறட்சியைத்தான் தள்ளாமை என்று இங்கே குறிப்பிடுகிறேன்.

அதை அளப்பது எப்படி என்பதில் இரண்டு கட்சிகள் உண்டு. லிண்டா ஃப்ரீட் என்ற அமெரிக்க வைத்தியர், தம் சகாக்களுடன், 65 வயதுக்கு மேற்பட்ட 5,317 பேரை ஆராய்ந்து 2001-இல் ஓர் இலக்கணம் வகுத்தார். முயலாமலே ஓராண்டில் நாலரைக் கிலோ அளவு எடை குறைதல், எதைச் செய்தாலும் களைப்பென்று உணர்தல், கைப்பிடியின் வலிமை குறைதல், நடை தளர்தல், அன்றாட உடலுழைப்பு சுருங்குதல் ஆகிய ஐந்தில் மூன்று இருந்தால் தள்ளாமை. ஒன்றோ இரண்டோ இருந்தால் அதன் முன்னிலை. அவர் ஆராய்ந்தவர்களில் நூற்றுக்கு ஏழு பேரே தள்ளாமை எய்தியிருந்தனர். கனடா தேசத்து ஹாலிஃபாக்ஸ் நகரில் கென்னத் ராக்வுட் என்ற வைத்தியரும் அர்னால்டு மித்னித்ஸ்கி என்ற கணித வல்லுநரும் ஏறத்தாழ அதே காலத்தில் வேறொரு வழியைக் காட்டினர்: நோய், குறை, இயலாமை என்று தொண்ணூறு சொச்சம் செய்திகளை எண்ணிக்கொண்டு, அவற்றில் எத்தனை ஒருவரிடம் உள்ளன என்ற விகிதமே அவருடைய தள்ளாமை என்றார்கள். எந்தக் குறை என்பதைவிட எத்தனை குறை என்பதே முக்கியம் என்பது அவர்கள் கட்சி. அந்த விகிதம் மூன்றில் இரண்டு பங்கை எட்டியபின் மனிதர் உயிரோடிருப்பது அரிது என்பதும் அவர்கள் கண்ட விஷயம்.

இவ்விரண்டில் எது சரியென்று வாதிப்போர் இன்றும் வாதித்துக்கொண்டிருக்கின்றனர். ராக்வுட்டின் வழி மனித வாழ்வின் சிக்கலுக்கு நெருக்கமானதென்று எனக்குத் தோன்றினாலும், வீட்டிலுள்ளோருக்குப் பயன்படக்கூடியது ஃப்ரீட்டின் வழிதான். கண்ணால் காணவும், எடைக்கருவியில் பார்க்கவும், கைகுலுக்கும்போதே உணரவும் கூடிய அறிகுறிகளை அது சொல்கிறது. கைப்பிடியை அற்பமாக எண்ணவேண்டாம். இந்தியா உள்ளிட்ட பதினேழு நாடுகளில் ஏறத்தாழ 1,40,000 பேரை ஆராய்ந்து 2015-இல் வெளிவந்த முடிவின்படி, பிடிவலிமை ஐந்து கிலோ குறையும்தோறும் மரணத்துக்குரிய வாய்ப்பு நூற்றுக்குப் பதினாறு வீதம் மிகுந்தது. ஆனால் அமெரிக்கர் உடலமைப்புக்கு வகுத்த அளவுகோலை அப்படியே கொண்டுவந்து நம் கிராமத்துப் பெண்மணியின் கையில் வைப்பது நியாயமாகாது. ஆசிய வல்லுநர் குழு இதற்கென 2014-இல் வகுத்து 2019-இல் திருத்திய அளவின்படி, ஆடவருக்கு 28 கிலோவுக்கும் பெண்டிருக்கு 18 கிலோவுக்கும் கீழே போனால் பிடி தளர்ந்தது என்று கொள்ளவேண்டும். நம் நாட்டிலும் 2017-18-இல் தொடங்கிய முதுமை பற்றிய தேசிய நெடுங்கால ஆய்வில், 45 வயதுக்கு மேற்பட்ட எழுபத்தீராயிரம் பேருக்கு அதிகமானோரை நேரில் கண்டு, பலருடைய கைப்பிடியையும் நடையையும் அளந்திருக்கிறார்கள். இது மிகவும் பாராட்டத்தக்க காரியம்.

அளந்ததன் பயன் என்ன? மீள முடியுமா என்பதே கேள்வி. இதற்கு விடை தந்தவற்றுள் என்னை மிகவும் வியப்பில் ஆழ்த்தியது பாஸ்டன் நகரத்து முதியோர் இல்லமொன்றில் நடந்த பரிசோதனை. மரியா ஃபியாத்தரோன் என்ற வைத்தியர், தொண்ணூறு வயதை ஒட்டியிருந்த தளர்ந்த முதியோர் பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு, கால்களால் பாரம் தூக்கும் பயிற்சியை எட்டு வாரங்கள் அளித்தார். அவ்வயதினருக்குப் பாரம் தூக்கும் பயிற்சியா என்று வைத்தியர்களே அஞ்சிய காலம் அது. பயிற்சியை நிறைவு செய்தவர்களின் கால்வலிமை சராசரி 174 சதவீதம் உயர்ந்தது. அதாவது ஏறத்தாழ மூன்று மடங்காயிற்று. 1990-இல் வெளிவந்த அந்தக் கட்டுரையில் மற்றொரு செய்தியும் உண்டு: பயிற்சியை நிறுத்திய நான்கே வாரங்களில் வலிமையில் மூன்றிலொரு பங்கு அளவு போய்விட்டது. தொண்ணூறு வயதுத் தசையும் கேட்டால் கொடுக்கிறது, கேளாவிட்டால் எடுத்துக்கொள்கிறது என்பது இதனால் விளங்கும்.

அதே வைத்தியர் நூறு பேரை வைத்து நடத்தி 1994-இல் வெளியிட்ட பெரிய பரிசோதனையில் உணவையும் சேர்த்து ஆராய்ந்தார். சிலருக்குப் பயிற்சி, சிலருக்குச் சத்துப் பானம், சிலருக்கு இரண்டும், சிலருக்கு இரண்டுமின்மை. பத்து வாரம் கழிந்தபின் பயிற்சி பெற்றவர்களின் தசைவலிமை இருமடங்குக்கு மேலாயிற்று. நடை விரைவு பெற்றது. படியேறும் ஆற்றல் கூடியது. சத்துப் பானத்தை மட்டும் அருந்தியவர்களிடம் பலவீனம் குறையவில்லை. டப்பாவில் வரும் மாவை வாங்கிப் பாலில் கரைத்துக் கொடுத்துவிட்டால் தாய்தந்தையருக்குச் செய்யவேண்டியதைச் செய்துவிட்டோம் என்று நினைப்பவர்கள் இந்தச் செய்தியைக் கவனிக்கவேண்டும்.

மிகைப்படுத்திச் சொல்லவும் நான் விரும்பவில்லை. 70 முதல் 89 வயதுவரையுள்ள 1,635 பேரை இரண்டரை ஆண்டுக்கு மேல் தொடர்ந்து கவனித்த அமெரிக்க ஆராய்ச்சியொன்றில், நடைப்பயிற்சியை மையமாகக் கொண்ட வாழ்முறையை மேற்கொண்டவர்களில் 30 சதவீதமும், சுகாதார உபதேசம் மட்டும் கேட்டவர்களில் 35 சதவீதத்துக்குச் சற்று மேலும், நானூறு மீட்டர் தூரம் நடக்கும் ஆற்றலை இழந்தனர். வித்தியாசம் அவ்வளவுதான். பயிற்சி செய்தவர்களிலும் பலர் தளர்ந்தனர். ஆகவே, தளர்ந்துபோன ஒரு முதியவரைப் பார்த்து, ‘நீர் நடந்திருந்தால் இப்படி ஆகியிருக்குமா?’ என்று கேட்பது கல்நெஞ்சம். முதுமையின் கடைசிக் கட்டத்தில் எந்தப் பயிற்சியாலும் மீட்கமுடியாத தளர்ச்சி ஒன்று உண்டு. அப்போது வேண்டப்படுவது வலி தணித்தலும், அருகில் ஒரு மனிதரும். ஆயினும் அந்தக் கட்டத்துக்கு வெகு முன்னதாகவே நாம் அது வந்துவிட்டதாக முடிவு கட்டிவிடுகிறோம் என்பதே என் குறை. எழுபது வயதுக்கு மேற்பட்ட 754 பேரை நாலரை ஆண்டுக்காலம் தொடர்ந்து பார்த்த மற்றோர் ஆராய்ச்சியில், பாதிக்கு மேற்பட்டோர் தள்ளாமையின் ஒரு படியிலிருந்து மற்றொரு படிக்கு மாறினர். மோசமாகப் போனவர்களே அதிகமென்றாலும், மேலேறி வந்தவர்களும் அவர்களில் இருந்தனர்.

உணவைப் பற்றி ஒரு வார்த்தை. பல் போன வாய்க்கு மெல்ல எளிதானதையே கொடுக்கிறோம்: காலையில் கஞ்சி, பகலில் ரசஞ்சாதம், இரவில் மோர்விட்டுப் பிசைந்த இரண்டு கவளம். வயிற்றுக்கு இதமானதுதான். ஆனால் தசையைக் கட்டுவதற்குரிய புரதம் அதில் மிகச் சொற்பம். வயதானவருக்கு ஆகாரம் குறைவாயிருந்தால் போதும் என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. அளவைப் பொறுத்தமட்டில் அது ஓரளவு சரியாகலாம், புரதத்தைப் பொறுத்தமட்டில் நேர்மாறு. முதியோரின் புரதத் தேவையை ஆராய்ந்த சர்வதேசக் குழுவொன்று 2013-இல் கூறிய அளவு, உடலெடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு ஒரு கிராம் முதல் 1.2 கிராம் வரை. இளையோருக்குச் சொல்லப்படுவதைக் காட்டிலும் இது அதிகம். குழைய வேகவைத்த பருப்பும், வேகவைத்து மசித்த சுண்டலும், தயிரும், உண்போர் வீட்டில் முட்டையும் மீனும் எந்த ஏழை ஊரிலும் அறியாதவை அல்ல. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் வைத்தியரைக் கேட்டுக்கொள்ளவேண்டும். வாயில் பல் இருக்கவேண்டியதும் இதனோடு சேர்ந்ததே. ஜப்பானியர் 1989-இலேயே, எண்பது வயதில் இருபது சொந்தப் பற்கள் என்பதைத் தேசிய லட்சியமாக வைத்துக்கொண்டனர்.

உணவு எங்கே, யாரோடு உண்ணப்படுகிறது என்பதும் தள்ளாமையைச் சார்ந்ததென்று ஜப்பானிய ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. தனியே வசித்துத் தனியே உண்பவரைக் குறித்து நமக்கு இயல்பாக இரக்கம் வரும். ஆனால் குடும்பத்தோடு ஒரே கூரையின்கீழ் வசித்தும் தனியே உண்ணும் ஆண்களிடையே, கூடி உண்பவரைக் காட்டிலும் மரணம் மிகுந்திருந்தது என்று அங்கே ஓர் ஆய்வு கண்டது. இதை வாசித்தபோது, கூட்டுக்குடும்பம் என்ற பெயரில் நாம் கொள்ளும் பெருமிதத்தை ஒருமுறை நிறுத்தி யோசித்தேன். பெரியவருக்கு ஏழரை மணிக்கே தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டு, மற்றவர்கள் அவரவர் வேலை முடிந்து அவரவர் நேரத்தில் தொலைக்காட்சியின் முன் உண்ணும் வீடுகள் எத்தனை! சாவிக்கொத்து மருமகள் கைக்கு மாறிய நாளிலிருந்து, எந்தக் காரியத்திலும் யோசனை கேட்கப்படாதவராய்த் திண்ணையில் ஒதுங்கியிருக்கும் மாமியாரின் தேகம் ஏன் ஒடுங்கிப்போகிறது என்பதற்கு இரத்தப் பரிசோதனையில் விடை கிடைக்காது.

டோக்கியோவை அடுத்த கஷிவா என்னும் நகரத்தில் ஈஜிமா கட்சுயா என்ற பேராசிரியர் 2012 முதல் அந்நகரத்து முதியோரை ஆராய்ந்து, அதன் பயனாக மிக எளிய சோதனையொன்றைப் பரப்பியிருக்கிறார். உட்கார்ந்தபடி, இரு கைகளின் பெருவிரல்களையும் ஆட்காட்டி விரல்களையும் சேர்த்து ஒரு வளையமாக்கி, கெண்டைக்காலின் மிகப் பருத்த இடத்தைச் சுற்றிப் பிடித்துப் பார்க்கவேண்டும். விரல்கள் எட்டாவிட்டால் நல்லது; எட்டி, அதன்மேலும் இடைவெளி விழுந்தால், சதை வற்றத் தொடங்கியிருக்கக்கூடும். கருவி வேண்டாம், காசு வேண்டாம், எழுத்தறிவும் வேண்டாம். இதைவிட என்னைக் கவர்ந்தது, இத்தகைய சோதனைகளை அங்கே ஊர்தோறும் நடத்துபவர்களே முதியவர்கள் என்பது. பயிற்சி பெற்ற எழுபது வயதினர் எண்பது வயதினரின் கெண்டைக்காலை அளக்கிறார்கள். அளக்கப்போவதற்காக வீட்டைவிட்டு வெளியே வருகிறார்கள். அப்படி வருவதே அவர்களுக்கும் சிகிச்சையாகிறது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 2011-ஆம் ஆண்டின் ஜனத்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் அறுபது வயதைக் கடந்தோர் நூற்றுக்குப் பத்துப் பேர். 2021-க்கு மதிப்பிடப்பட்ட வீதம் 13.6, 2031-இல் 18.2 ஆகுமென்று கணித்திருக்கிறார்கள். இந்தியாவின் பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்கே. சிசு மரணம் குறைந்ததும், ஒரு தாய்க்கு இரண்டுக்கும் குறைவான குழந்தைகள் என்ற நிலை வந்ததும், ஆயுள் நீண்டதும் சேர்ந்து விளைத்த பலன் இது, துக்கப்படவேண்டியதன்று. முதியோர் மருத்துவத்தில் இந்நாட்டுக்கே சென்னை வழிகாட்டியது என்பதையும் நன்றியோடு சொல்லவேண்டும். சென்னை அரசாங்கப் பொது மருத்துவமனையில் 1978-இல் முதியோருக்கென்று புறநோயாளர் பிரிவொன்றைத் தொடங்கியவர் டாக்டர் வ. செ. நடராசன், பத்தாண்டுகள் கழித்துத் தனிக்கூடமும், 1996-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் அத்துறைக்கென மேற்பட்டப் படிப்பும் வந்தன. கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவ மையம் 2024-இல் திறக்கப்பட்டது.

எனினும் நம்மிடையே தள்ளாமைக்கு இரண்டு முகங்கள் இருப்பதை மேல்நாட்டு நூல்களை மட்டும் படிப்பவர்கள் காண்பதில்லை. வசதியுள்ள வீடுகளில் அது ஓய்வின் வடிவில் வருகிறது. அதைத்தான் இதுகாறும் விவரித்தேன். வறிய வீடுகளில் ஓய்வென்பதே இல்லை. அறுபத்தெட்டு வயதிலும் வயலில் களையெடுக்கும் பெண்ணுக்கும், நூறு நாள் வேலைக்கு மண்வெட்டியோடு நடக்கும் விதவைக்கும் ‘எழுந்து நடவுங்கள், பாரம் தூக்குங்கள்’ என்று உபதேசிப்பது அபசாரம். அவர்களுக்கு உழைப்பு இருக்கிறது. உழைப்புக்கேற்ற உணவு இல்லை, கண்புரைக்கும் முழங்கால் வலிக்கும் காலத்தில் சிகிச்சை இல்லை. இளமையிலேயே வற்றிய உடம்பு, சேமிப்பே இல்லாமல் முதுமைக்குள் நுழைகிறது. பெண்கள் ஆண்களைவிட நீண்டு வாழ்ந்தும் தள்ளாமையில் அதிகம் துன்புறுகிறார்கள் என்பது உலகெங்கும் கண்ட உண்மை. எல்லாரும் உண்டபின் மிஞ்சியதை உண்ணும் வழக்கத்தில் வளர்ந்த நம் பெண்களிடத்தில் அது இன்னும் கடுமையாயிருக்குமென்று ஊகிப்பதில் தவறில்லை. முதியோர் உதவித்தொகை தமிழ்நாட்டில் 1962-இல் மாதம் இருபது ரூபாயாகத் தொடங்கி 2023-இல் 1,200 ரூபாயாயிற்று. பருப்பு விற்கும் விலையில் அந்தத் தொகை எத்தனை நாளைக்கு வரும் என்பதையும் இந்தச் சாஸ்திரத்தின் ஒரு பகுதியாகவே நான் கருதுகிறேன்.

2021 ஆகஸ்டு 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற திட்டத்தின்படி, இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகள் வீட்டுக்கே வருவதோடு, படுத்த படுக்கையாயிருப்போரைத் தேடி இயன்முறை மருத்துவரும் வருகிறார். வாரன் அம்மையார் ஆஸ்பத்திரிக் கூடத்தில் செய்ததை வீட்டு வாசலில் செய்யக்கூடிய ஏற்பாடு இது. ஆகையால் இதன்மேல் எனக்குப் பெரும் நம்பிக்கை உண்டு. ஆனால் படுத்தபின் வருவதைக் காட்டிலும், படுப்பதற்கு முன் வரவேண்டும். மாத்திரை கொண்டுவரும் பெண் அதே வாசலில் நின்று, பாட்டியை நாற்காலியில் உட்காரச்சொல்லி, கைகளை மார்பின்மேல் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லலாம்; கெண்டைக்காலை விரலால் வளைத்துப் பார்க்கலாம்; தூக்க மாத்திரை உண்டா, கழிப்பறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா, கண்ணாடி எத்தனை வருஷத்துக்கு முந்தையது, இரவு யாரோடு உண்டீர்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளலாம். பத்து நிமிஷக் காரியம். எழ முடியாமல் கையூன்றுகிறவர் பெயருக்கு எதிரே ஒரு புள்ளி வைத்துக்கொண்டால், இயன்முறை மருத்துவர் அடுத்த வாரம் எந்த வீட்டுக்குப் போகவேண்டும் என்பது தெரிந்துவிடும். அவர் வந்ததும் முதலாவதாக வீட்டாரிடம் கேட்க வேண்டியது, பாட்டி எந்த வேலையைச் செய்துகொண்டிருந்தார், அதை யார் எப்போது அவர் கையிலிருந்து வாங்கினார்கள் என்பது.